எங்கள் படங்களைக் கேட்கும் நகர நிர்வாகிகளுக்கு

நலிந்துபோன நகரங்களை நிர்வகிக்கும் மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும், அந்த நகரங்களுக்கு விளம்பரம் தேடித்தரும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஆலை மூடிய ஊர், துறைமுகம் கைவிட்டுப் போன ஊர், சுரங்கம் வற்றிய ஊர் என்று தேய்ந்துகொண்டு வரும் நகரங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் என்னைப் போலச் சிலர் இருக்கிறோம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நேரம் கிடைத்தபோதெல்லாம் கேமராவை எடுத்துக்கொண்டு சொந்த ஊரின் நல்ல முகத்தைத் தேடி நடப்பவர்கள். எங்களில் பெரும்பாலோருக்கு இது பிழைப்பு கிடையாது. ஊர் மேல் உள்ள பிடிப்பு, அவ்வளவுதான்.

முதலீட்டாளர் மாநாடு வருகிறது, ஆண்டறிக்கைக்கு அட்டைப்படம் வேண்டும், இணையதளத்தின் முகப்பைப் புதுப்பிக்கிறார்கள் என்றால் உங்களுக்கு எங்கள் ஞாபகம் வந்துவிடும். "சாயங்கால வெளிச்சத்தில் பாலத்தை எடுத்திருந்தீர்களே, அதைக் கொஞ்சம் அனுப்பிவையுங்கள்" என்று அழைப்பு வரும். நாங்களும் அனுப்புவோம். சொந்த ஊர் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வருவதில்லை. இந்த மடலும் மாட்டேன் என்று சொல்வதற்காக எழுதப்படவில்லை. படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றில் இருப்பது என்ன, அது எப்படி அங்கே வந்தது, இன்னும் எத்தனை நாள் அங்கே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் அழகு என்று எங்களிடம் வாங்கிப்போவதும், "அப்புறப்படுத்த வேண்டியவை" என்று உங்கள் கோப்பில் எழுதிவைத்திருப்பதும் பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே எங்கள் படங்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கிவிடுகின்றன. "குழாயில் தண்ணீர் வரவில்லை, நீ சூரிய உதயம் எடுத்துக்கொண்டிருக்கிறாய்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். வெளியூர் நண்பர்களோ, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சிரிப்பார்கள். பழமொழி சரிதான். குஞ்சுக்கு எந்த இறகு முளைத்திருக்கிறது, எது உதிர்ந்திருக்கிறது என்று காக்கைக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் சரியாக இருக்கும்.

நாங்கள் நல்ல பக்கத்தைத் தேடுவதற்கு ஒரு காரணம், கெட்ட பக்கத்தை எடுக்க ஏற்கெனவே நிறையப் பேர் வந்துபோனதுதான். அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டைப் பாருங்கள். 1950இல் அந்த நகரத்தின் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். 2010இல் 7.14 லட்சம். கார் ஆலைகள் வெளியேறின, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், வரி வருவாய் வற்றியது, 2013 ஜூலையில் நகரமே திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். இந்தச் சரிவின் உச்சத்தில் உலகமெங்கிலுமிருந்து கேமராக்கள் அங்கே வந்து இறங்கின. பிரெஞ்சுக்காரர்களான இவ் மார்ஷானும் ரொமான் மெஃப்ரும், நியூயார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ மூரும் 2010இல் வெளியிட்ட தொகுப்புகளைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். கூரை பெயர்ந்த அரங்குகள், பாசி படர்ந்த தரைகள், ஓவியம் போல உரிந்து தொங்கும் சுவர்கள். கலையாகப் பார்த்தால் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு வந்த கோபமும் எனக்குப் புரிகிறது. ஏழு லட்சம் பேர் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு நகரம், அந்தப் படங்களில் யாரும் வாழாத நகரமாகத் தெரிந்தது.

இன்னொரு படி மேலே போனவர் கமீலோ ஹொசே வெர்காரா. அமெரிக்காவின் ஏழ்மையான நகர்ப்பகுதிகளில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் எடுத்த, பெரிய மரியாதைக்குரிய புகைப்படக்காரர் அவர். டெட்ராய்ட்டின் மையத்தில் காலியாக நின்ற வானளாவிக் கட்டடங்களை அப்படியே விட்டுவைத்து, ஏதென்ஸின் பழங்காலக் குன்றுக்கோட்டை போன்ற ஓர் 'அமெரிக்க அக்ரோபோலிஸ்' ஆக, இடிபாடுகளின் பூங்காவாக ஆக்கலாம் என்று 1995இல் எழுதினார். அவர் கேலிக்காகச் சொல்லவில்லை. ஊரில் கொதிப்பு கிளம்பியது. கிளம்பாமல் இருக்குமா? தன் வீட்டு வாசலை யாராவது தொல்பொருள் தளமாக அறிவித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

இதைப் படித்துவிட்டு நீங்கள் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். "ஆமாம், அதனால்தான் உங்கள் அழகான படங்களைக் கேட்கிறோம்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் விளம்பர மலரிலும் அதே நோய் இருக்கிறது. இடிபாட்டுப் படத்தில் ஆள் இல்லை. உங்கள் அட்டைப்படத்திலும் ஆள் இல்லை.

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றிரண்டை இங்கே உடைத்துவிடுகிறேன், கூட்டாளிகள் மன்னிக்கட்டும். ஒரு சதுக்கம் வெறிச்சோடித் தெரிய வேண்டுமானால் வைடு ஆங்கிள் லென்ஸைப் போட்டு, தரையோடு தரையாகக் கேமராவை வைத்தால் போதும். முன்னால் கிடக்கும் கல்தரை பாலைவனம் மாதிரி விரியும், தூரத்து மனிதர்கள் எறும்பாகிவிடுவார்கள். அதே சதுக்கம் நெரிசலாகத் தெரிய வேண்டுமா? தூரமாகப் போய் டெலி லென்ஸில் எடுங்கள். பின்னால் இருக்கும் கட்டடம் முன்னால் இருப்பதன் தோள் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், பத்துப் பேர் கூட்டமாகிவிடுவார்கள். சூரியன் இறங்கி அரை மணி நேரத்துக்குள் வானம் கருநீலமாக இருக்கும்போது எடுத்தால், எரியாத தெருவிளக்குகள் தெரியாது, எரியும் சன்னல்கள் மட்டும் பொன்னாக மின்னும். டிரைபாடில் வைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்தால் நடந்துபோகிறவர்கள் அழிந்தே போவார்கள். கட்டடம் மட்டும் நிற்கும். இதில் எதுவும் பொய் கிடையாது, எல்லாம் லென்ஸ் கண்டதுதான். ஆனால் எங்கே நின்றோம், எந்த நேரத்தில் நின்றோம் என்பதிலேயே பாதிப் படம் முடிவாகிவிடுகிறது.

இதற்கு மேல் உங்கள் அலுவலகங்கள் கேட்பவை வேறு. கொடியில் காயும் துணியை எடுத்துவிட முடியுமா? அந்தத் தள்ளுவண்டியைக் கணினியில் அழித்துவிட முடியுமா? பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் வேண்டாமே, கொஞ்சம் சோகமாகத் தெரிகிறார். இப்படிக் குறிப்பு வருகிறது. அந்தப் பெரியவர் சோகமாக இல்லை, வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அது போகட்டும். துணியையும் வண்டியையும் பெரியவரையும் எடுத்துவிட்டால் அந்தத் தெருவில் மிச்சம் இருப்பது என்ன? வாடகைக்கு விடலாம் என்ற பலகை மாட்டிய ஒரு சுவர்.

தேய்ந்த நகரம் கண்ணுக்கு ஏன் இனிக்கிறது என்று நானும் நிறைய யோசித்துப் பார்த்தேன். பணம் ஓடும் நகரத்தில் இருபது முப்பது வருடத்துக்கு ஒரு முறை முகப்பை இடித்துக் கண்ணாடி போட்டுவிடுகிறார்கள். பணம் வராத ஊரில் பழைய செங்கல் அப்படியே இருக்கும், தேக்குக் கதவு இருக்கும், கையால் எழுதிய கடைப்பலகை நாலு முறை மறுபூச்சு வாங்கி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். இடிக்கக்கூடக் காசு இல்லாததால் பிழைத்தவை இவை. வாடகை குறைவு என்பதால் பழைய கிடங்கில் ஒருவர் மிதிவண்டி பழுதுபார்ப்பார், அடுத்த அறையில் பிள்ளைகள் வாத்தியம் பழகுவார்கள். வானத்தை மறைக்க உயரமான கட்டடம் இல்லாததால் மாலை வெளிச்சம் தெருவுக்குள் நெடுந்தூரம் வரும். வறுமையை நான் கொண்டாடவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே படுப்பவருக்கு மாலை வெளிச்சத்தால் ஒரு பயனும் இல்லை. நான் சொல்வது வேறு: கேமராவுக்குள் விழும் அழகில் பெரும்பங்கு யாரோ ஒருவர், உங்கள் உதவி இல்லாமல், தினமும் செய்துகொண்டிருக்கும் பராமரிப்பு. வாசலைக் கூட்டுகிறார், சன்னல் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறார், பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் முன்னால் குப்பை சேரவிடாமல் பார்த்துக்கொள்கிறார். அவரை அந்தத் தெருவிலிருந்து கிளப்பிவிட்டால் அடுத்த வருடம் அங்கே எனக்கும் படம் கிடைக்காது, உங்களுக்கும் அட்டைப்படம் கிடைக்காது.

அப்படிக் கிளப்பிவிட்ட கதைகளில் கேமராவுக்கும் பங்கு உண்டு. தாமஸ் அன்னன் 1868 முதல் 1871 வரை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தின் நெருக்கமான பழைய சந்துகளைப் படம் எடுத்தார். வேலை கொடுத்தது 1866ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை. இடிப்பதற்கு முன் ஒரு பதிவு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஈரக் கொலோடியன் என்ற ரசாயனம் பூசிய கண்ணாடித் தட்டு, இருண்ட சந்து, நீண்ட நேரம் திறந்திருக்கும் லென்ஸ். சுவர்கள் துல்லியமாக விழுந்தன, அசைந்த மனிதர்கள் ஆவி மாதிரி மங்கிப்போனார்கள். அன்னன் வேண்டுமென்றே செய்ததில்லை, அன்றைய நுட்பத்தின் எல்லை அது. அந்தச் சந்துகளில் நோயும் நெரிசலும் இருந்தன என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் இன்று அந்தப் படங்களைப் புரட்டும்போது, அங்கே குடியிருந்தவர்களே ஒரு கேமராவைப் பிடித்திருந்தால் என்னென்ன எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அப்படி ஒருவர் எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் பதில் இருக்கிறது. சார்லஸ் 'டீனி' ஹாரிஸ், பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின மக்களின் செய்தித்தாளுக்குப் படம் எடுத்தவர். 1930களின் நடுவிலிருந்து 1970கள் வரை அவர் எடுத்தவை ஏறத்தாழ 80,000 நெகட்டிவ்கள். பெரும்பகுதி ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற அவருடைய சொந்தப் பகுதி. திருமணங்கள், பேஸ்பால் அணிகள், இசை விடுதிகள், பள்ளிக்கூட வாசல், முடிதிருத்தும் கடை, தேர்தல் கூட்டம். ஒரே ஒரு தடவை பிளாஷ் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவாராம். மேயர் டேவிட் லாரன்ஸ் அவருக்கு 'ஒன் ஷாட்' என்று பட்டப்பெயர் வைத்தார்.

அதே மேயரின் காலத்தில்தான், 1956இல், ஹில் டிஸ்ட்ரிக்ட்டின் கீழ்ப்பகுதியை இடிக்கத் தொடங்கினார்கள். அரசாங்கக் காகிதத்தில் அது பாழடைந்த பகுதி. சுமார் 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், நானூறுக்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் போயின. அந்த இடத்தில் கட்டிய பிரம்மாண்டமான அரங்கம் 1961இல் திறந்தது. அதையும் 2012க்குள் இடித்து முடித்துவிட்டார்கள். பிறகு பல வருடம் அங்கே வண்டி நிறுத்தினார்கள். ஹாரிஸின் நெகட்டிவ்கள் இன்று கார்னகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தில் இருப்பவர்கள் யார், எந்தத் தெரு, எந்த நாள் என்று அருங்காட்சியகத்தார் அந்தப் பகுதியின் முதியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார்கள். அந்த வேலையை இடிப்பதற்கு முன்பே யாராவது செய்திருக்கலாம். ஒரு அதிகாரி, ஒரே ஒரு அதிகாரி, அந்தப் படங்களை மேசையில் பரப்பிப் பார்த்திருந்தால், "பாழடைந்த" என்ற சொல்லை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியிருக்கும்.

உங்களிடம் எனது முதல் வேண்டுகோள் இங்கிருந்து வருகிறது. ஒரு பகுதியை இடிக்கவோ, "மேம்படுத்த"வோ கோப்பு நகரும்போது, ஆய்வாளர் எடுத்த விரிசல் படங்களோடு அந்தப் பகுதிக்காரர்கள் எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள். விரிசல் படம் பொய் இல்லை. ஆனால் அது பாதி. எதை இழக்கப்போகிறோம் என்பது மற்றப் பாதியில்தான் இருக்கிறது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், கோப்பில் ஓர் உறை வேண்டும்.

படம் கட்டடத்தைக் காப்பாற்றுமா என்று கேட்பீர்கள். சில நேரம் காப்பாற்றியிருக்கிறது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் சுரங்கங்களும் உருக்காலைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தபோது, பெர்ன்ட் பெஹரும் ஹில்லா பெஹரும் 1959 முதல் சுரங்கக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் ஊது உலைகளையும் எடுத்துக்கொண்டே போனார்கள். மேகம் மூடிய நாள், நிழல் விழாத வெளிச்சம், நேருக்கு நேரான கோணம். பளபளப்பு கிடையாது, ஆனால் அவ்வளவு மரியாதை. டோர்ட்மண்டின் சோலர்ன் சுரங்கத்தின் இயந்திரக் கூடத்தை இடிக்க இருந்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. 1969இல் அது பாதுகாக்கப்பட்டது. இன்று அருங்காட்சியகம். பெர்ன்ட் பெஹர் வளர்ந்தது ஸீகன் என்ற இரும்புத் தொழில் வட்டாரத்தில். தன் ஊரின் ஆலைகள் கண்ணெதிரே இடிபடுவதைப் பார்த்துத்தான் கேமராவைத் தூக்கினார்.

டெட்ராய்ட்டிலும் ஒரு திருப்பம் நடந்தது. இடிபாட்டுப் படங்களின் நாயகமாக இருந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 1988இல் புறப்பட்டது. முப்பது வருடம் சும்மா நின்றது. 2018இல் ஃபோர்டு நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து 2024 ஜூனில் திறந்தது. திறந்த நாட்களில் உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். நல்லதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அதே ஊரில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு வேலை. திவால் சமயத்தில் தெருவிளக்குகளில் ஏறத்தாழ 40 சதவீதம் எரியவில்லை. அதற்கென்று தனி அமைப்பு ஏற்படுத்தி, 2016 முடிவதற்குள் சுமார் 65,000 எல்இடி விளக்குகளைப் பொருத்தினார்கள். ராத்திரியில் கேமராவோடு நடப்பவனுக்கு இதன் அருமை தெரியும். சோடியம் விளக்குக்குக் கீழே சிவப்பும் நீலமும் ஒன்றுதான், எல்லாம் மஞ்சள் பூசிய சாம்பல். வெள்ளை விளக்கு வந்ததும் சுவரின் நிறம் திரும்பி வரும், ஆளின் முகம் தெரியும், பெண்கள் கொஞ்சம் தாமதமாகவும் வெளியே வருவார்கள், படத்தில் ஆள் இருப்பார்கள். நகரம் அழகாகத் தெரிய வேண்டும் என்று உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் விளம்பரக் குழுவைக் கூப்பிடும் முன் மின்பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

விளம்பரத்தால் ஒன்றுமே ஆகாது என்றும் சொல்லமாட்டேன். கிளாஸ்கோ 1983இல் மஞ்சள் நிறச் சிரிப்பு பொம்மையை வைத்து நடத்திய பிரசாரம் ஊரைப் பற்றிய பேச்சையே மாற்றியது, 1990இல் அது ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாகவும் ஆனது. கூடவே 'வொர்க்கர்ஸ் சிட்டி' என்ற குழுவில் உள்ளூர் எழுத்தாளர்கள் ஒன்றுசேர்ந்து, கப்பல் பட்டறைத் தொழிலாளிகளின் நகரத்தை இந்தக் கொண்டாட்டம் துடைத்தெறிகிறது என்று சண்டை போட்டார்கள். அவர்கள் சண்டை போட்டதும் அந்த நகரத்தின் அழகுகளில் ஒன்று என்பேன். அந்தக் காலத்தில் கரி படிந்த மணற்கல் முகப்புகளையும் பளிச்சென்று காட்டச் சுத்தம் செய்தார்கள். மணலைப் பீச்சியும் ரசாயனம் பூசியும் செய்ததில் சில கட்டடங்களின் கல்லே அரித்துப்போனது. கறுப்பாக இருந்தபோது நூறு வருடம் நின்ற கல்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிராடக் என்று ஒரு சிற்றூர். ஆண்ட்ரூ கார்னகியின் பெரிய உருக்காலை 1875இல் உற்பத்தியைத் தொடங்கியது அங்கேதான். ஒரு காலத்தில் 20,000 பேர் இருந்த ஊரில் 2010இல் சுமார் 2,000 பேர். அந்த ஆண்டு தொடக்கத்தில் ஊரின் ஒரே மருத்துவமனையை மூடினார்கள். அதே ஆண்டு ஒரு ஜீன்ஸ் நிறுவனம் அங்கே வந்து ஊர் மக்களையே வைத்து விளம்பரம் எடுத்தது. உழைப்பின் புது எல்லை என்ற தொனியில் பெரிய பெரிய பலகைகள். நிறுவனம் ஊரின் சமூகக் கூடத்துக்குப் பணமும் கொடுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. படங்களும் நன்றாகத்தான் இருந்தன. அந்த ஊரிலேயே பிறந்து, பாட்டி, அம்மா, தன்னை என்று மூன்று தலைமுறையை வீட்டுக்குள் வைத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்துவந்த லடோயா ரூபி ஃப்ரேசியருக்கு அது பொறுக்கவில்லை. மருத்துவமனை போன ஊரில் அந்தப் பலகைகள் எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று தன் படங்களால் பதில் சொன்னார். நியூயார்க்கில் அந்த நிறுவனம் நடத்திய புகைப்படப் பட்டறை முன்னால், உடுத்தியிருந்த ஜீன்ஸ் கிழிந்து நையும்வரை நடைபாதையில் உடலைத் தேய்த்தார். 2015இல் அவருக்கு, அமெரிக்காவில் சிறந்த படைப்பாளிகளுக்குத் தரும் மெக்கார்தர் நல்கை கிடைத்தது.

ஃப்ரேசியரின் படங்களில் அழகு இல்லையா? நிறைய இருக்கிறது. பாட்டியின் அறையில் வரிசையாக அடுக்கிய பொம்மைகள், சன்னல் வழியே வரும் வெளிச்சம், அம்மாவும் மகளும் கண்ணாடியைப் பார்க்கும் பார்வை. அந்த அழகை எதற்கும் திரையாகத் தொங்கவிட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் படங்களை நீங்கள் பயன்படுத்தும்போது நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான். மருத்துவமனையை மூடுகிற மாதம் எங்கள் ஆற்றங்கரைப் படத்தைப் பலகையாக வைக்காதீர்கள். வைத்தால், ஆற்றங்கரை அழகாக இருப்பது உண்மையாகவே இருக்கும், நீங்கள் சொல்வது பொய்யாகிவிடும்.

படக்குறிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் படத்தோடு நாலு வரி எழுதி அனுப்புகிறோம்: எந்தத் தெரு, எந்த மாதம், எந்த வருடம், படத்தில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார். உங்கள் பக்கம் போனதும் முதலில் காணாமல் போவது அந்த நாலு வரி. எனக்குத் தெரிந்து ஒரு நிர்வாகம், இடிக்கப்பட்டுவிட்ட ஒரு சந்தையின் படத்தை "எங்கள் துடிப்பான சந்தை" என்று பல வருடம் போட்டுக்கொண்டிருந்தது. படம் என்னுடையது, தேதியோடுதான் கொடுத்தேன். அந்தச் சந்தையில் வியாபாரம் செய்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. தேதி இல்லாத அழகான படம் நாளைக்கு யார் கையிலும் எதற்கும் சாட்சியாகிவிடும். ஆகவே தேதியை வெட்டாதீர்கள். வடிவமைப்பாளருக்கு எழுத்து இடைஞ்சலாக இருந்தால் சின்னதாகப் போடட்டும்.

படத்தில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். நான் தெருவில் கேட்டு எடுக்கும்போது அவர் சம்மதிப்பது எனக்கு. பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரத்துக்குத் தன் முகம் தொங்குவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தைச் சேர்ந்த மில்டன் ரோகோவின் இதில் எங்களுக்கெல்லாம் வாத்தியார். அவர் கண்ணுக்குக் கண்ணாடி போடும் மருத்துவர். 1957இல் நாடாளுமன்றக் குழு இடதுசாரி என்று விசாரித்ததில் தொழில் படுத்தது, கேமராவைக் கையில் எடுத்தார். 1972 முதல் தன் மருத்துவமனைக்குப் பக்கத்து ஏழைப் பகுதி மக்களை எடுத்தார். 1980களில், 1990களில், மறுபடி 2000க்குப் பிறகு அதே ஆட்களைத் தேடிப்போய் எடுத்தார். எப்படி நிற்க வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. அவர்களே நின்றார்கள், அவர் எடுத்தார். ஒரு தம்பதி, பிறகு அவர்கள் குழந்தையோடு, பிறகு பேரனோடு. நலிந்த பகுதி என்று பெயர் வாங்கிய இடத்தில் மனிதர்கள் முப்பது வருடம் நிமிர்ந்து நின்றதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியாது.

பணம் பற்றியும் பேசிவிடுகிறேன், கூச்சப்பட்டால் வேலைக்கு ஆகாது. 1975இல் திவாலின் விளிம்புக்குப் போய்வந்த நியூயார்க்கை மீட்க, 1977இல் வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் 'ஐ லவ் நியூயார்க்' என்ற அந்த இதயச் சின்னத்தை வரைந்து இலவசமாகக் கொடுத்தார். உலகத்திலேயே அதிகமாகக் காப்பியடிக்கப்பட்ட சின்னங்களில் ஒன்று அது, உரிமை மாநில அரசிடம். அவர் மனதார விரும்பிக் கொடுத்தார். ஊர் மேல் பிரியம் உள்ளவர்கள் எல்லோரும் சும்மா கொடுக்க வேண்டும் என்ற நியாயம் அதிலிருந்து பிறக்காது. மாநாட்டுப் பந்தலுக்கும், மேடைப் பூவுக்கும், அச்சகத்துக்கும் பில் போகிறது. படத்துக்கு மட்டும் நன்றி போகிறது. உள்ளூர்ப் புகைப்படக்காரர்களுக்குக் கூலி கொடுத்தால் அந்தப் பணம் உள்ளூரிலேயே சுற்றும் என்று பொருளாதாரம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், தெருவில் எங்களை விரட்டாதீர்கள். பொதுத்தெருவிலிருந்து தெரியும் கட்டடத்தை எடுத்து வெளியிட ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளின் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. பிரான்ஸில் கொஞ்சம் இறுக்கம், ஐஃபல் கோபுரத்தின் இரவு விளக்கு அலங்காரத்துக்குக்கூட உரிமை கோருகிறார்கள். சட்டம் எப்படி இருந்தாலும், டிரைபாடை விரித்ததும் அனுமதிச்சீட்டு எங்கே என்று கேட்கும் காவலாளி எல்லா ஊரிலும் இருக்கிறார். பகலில் அவர் விரட்டிய அதே இடத்தின் படத்தைச் சாயங்காலம் உங்கள் அலுவலகம் கேட்கிறது. இரண்டு பேரும் ஒரு முறை பேசிக்கொண்டால் தேவலை.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று. எங்களில் மூத்தவர்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் நெகட்டிவ்கள் பூஞ்சை பிடிக்கின்றன. ஈரமும் சூடும் சேர்ந்தால் அசிடேட் ஃபிலிம் சுருங்கி, வினிகர் வாடை அடித்து, சில பத்தாண்டுகளில் தேறாமல் போகும். பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது குப்பையோடு போகும். இளையவர்களின் நிலைமை இன்னும் மோசம். ஒரு வன்தட்டு செத்தால் பத்து வருடம் போச்சு. பெரிய அருங்காட்சியகம் இருந்ததால் டீனி ஹாரிஸின் படங்கள் பிழைத்தன. எல்லா ஊரிலும் அது கிடையாது. நான் கேட்பது மாளிகை இல்லை. நகர நூலகத்திலோ உங்கள் கட்டடத்திலோ சூடும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும் ஓர் அறை, ஒரு ஸ்கேனர், சம்பளத்தோடு ஒரு ஆள். படத்தைக் கொண்டுவருபவரிடம் உட்கார்ந்து பேசி, யார், எங்கே, எப்போது என்று எழுதிக்கொள்ளும் பொறுமை உள்ள ஆள். உங்கள் மாநாட்டு மலர் ஒன்றின் அச்சுச் செலவில் பாதியை ஒதுக்கித் தொடங்கலாம்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் அந்த அறையைப் பற்றி முதலில் எழுதுங்கள். அடுத்த மாநாட்டுக்கான படங்கள் தயாராக இருக்கின்றன. தேதிகளோடு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சொந்த ஊரைப் படமெடுக்கும் ஒருவன்